ஒரு துப்பாக்கியா, ஒன்பது துப்பாக்கியா?

வேட்டையில் நாட்டமுள்ள இருவர் ஒரு மேசையில் அமர்ந்துவிட்டால் போதும். காப்பி ஆறுவதற்குள் ஒரு பழைய வழக்கு எழுந்துவிடும். "எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ரைபிள் போதும். அதைப் பழகிக்கொண்டவனுக்கு வேறொன்று எதற்கு?" என்பார் ஒருவர். "மானுக்கு ஒன்று, புலிக்கு ஒன்று, யானைக்கு ஒன்று என்று வைத்திருப்பவனே உண்மையான வேட்டைக்காரன்" என்பார் மற்றவர். நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை.

"துப்பாக்கியே இல்லாத நமக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. காட்டோரத்தில் குடியிருப்பவர்கள் நாம். துப்பாக்கி யாருடையதாக இருந்தாலும், குறி தவறிக் காயம்பட்ட விலங்கு ஓடி ஒளிவது நம் செம்பனைக்கும் பால்மரத்துக்கும் இடையில்தான். மறுநாள் விடியற்காலையில் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும்தாம். ஆகவே இந்த வழக்கில் நாமும் ஒரு கட்சிக்காரர் என்பதே உண்மை.

கருவியைப் பற்றிச் சிறிது

ரைபிள் என்பது குழலின் உட்புறத்தில் சுருள்வரி வெட்டப்பட்ட துப்பாக்கி. அந்த வரிகளின் வழியே வரும் குண்டு பம்பரம் போல் சுழன்றுகொண்டே பறக்கிறது. அதனால்தான் அது நேராகவும் வெகுதூரமும் செல்கிறது. தோட்டங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ரைபிள் அல்ல. ஒரே தோட்டாவிலிருந்து பல சன்னங்களைச் சிதறவிடும் சன்னத் துப்பாக்கி அது. அதன் குழலில் சுருள்வரி கிடையாது.

ரைபிளை அதன் குழல் விட்டத்தைக் கொண்டு பெயரிட்டு அழைப்பார்கள். 275 என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 275 பங்கு. அதாவது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதன் குண்டு 9 முதல் 11 கிராம் எடையுள்ளது. யானைக்கென்றே செய்யப்பட்ட 577 ரைபிளின் குண்டோ ஏறத்தாழ 49 கிராம்! முன்னதன் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல் போகாது. பின்னது ஆறு கிலோவை நெருங்கும். சுடும்போது தோளில் விழும் உதையும் அதற்கேற்றபடியே இருக்கும்.

வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. சிறிய ரைபிள் கைக்கு அடங்கும், தூரத்துக் குறிக்கும் உதவும்; ஆனால் பெரிய விலங்கைத் தடுத்து நிறுத்தும் வலு அதற்குக் குறைவு. பெரிய ரைபிள் பாய்ந்து வரும் காட்டெருமையையும் நிறுத்தும். ஆனால் நாள் முழுதும் சுமந்து நடக்க முடியாது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

நம் தோட்டத்திலேயே இரு கட்சிக்கும் சாட்சி உண்டு. குட்டையான செம்பனையில் குலை வெட்ட உளி. வளர்ந்த செம்பனைக்கு நீண்ட கம்பத்தில் கட்டிய அரிவாள். ஒன்றைக்கொண்டு மற்றதன் வேலையைச் செய்யப் போனால் குலையும் வராது, கழுத்தும் வலிக்கும். ஆனால் பால்மரம் சீவுகிறவரைப் பாருங்கள். வைத்திருப்பது ஒரே கத்தி. அதைத் தாமே தீட்டுவார், பிறர் கையில் கொடுக்க மாட்டார். பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அந்தக் கத்தி பிடித்த விரலுக்குத் தெரியும். இரண்டுமே சரியான முறைகள்தாம். வேட்டையில் எது சரி? வேட்டைக்காரர்களின் வாழ்க்கையையே பார்ப்போம்.

பரிவாரத்துடன் போனவர்

அமெரிக்காவின் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற தியோடோர் ரூஸ்வெல்ட், 1909ஆம் ஆண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு விலங்குகளைச் சேகரிப்பதும் அப்பயணத்தின் நோக்கம். அவரிடம் மூன்று வகை ரைபிள்கள் இருந்தன. சமவெளியில் மேயும் மான் வகைகளுக்கு இராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. சிங்கத்துக்கு 405 வின்செஸ்டர். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் இங்கிலாந்து நண்பர்கள் பரிசளித்த ஹாலண்டு இரட்டைக்குழல் ரைபிள். பறவைகளுக்கு ஒரு சன்னத் துப்பாக்கி வேறு.

அவரும் அவர் மகன் கெர்மிட்டும் அப்பயணத்தில் சுட்ட விலங்குகள் 512. இன்று கேட்டால் மனம் துணுக்குறும் கணக்கு இது. நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இத்தனை ரைபிள்களையும் ஒருவரே தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? முடியாது. அவருக்குப் பின்னால் துப்பாக்கி சுமக்கும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருநூறுக்கும் மேற்பட்ட சுமையாட்கள் வந்தார்கள். பல துப்பாக்கி முறை என்பது பரிவாரம் உள்ளவரின் முறை. தனியாகப் போகிறவனுக்குத் தேவையான துப்பாக்கி, தேவையான நொடியில், வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்!

ஒரே ரைபிளோடு வாழ்ந்தவர்

ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கென்று ஒதுக்கிய அதே 405 வின்செஸ்டர் வகையை, ஏறக்குறைய எல்லா வேட்டைக்கும் பயன்படுத்திய ஒருவரும் உண்டு. அவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974). அவர் நடந்த காடுகள் நம்மில் பலருடைய பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்த காடுகள். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் என்று அன்றைய சேலம் மாவட்டத்தின் வடபகுதி அது. இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருக்கிறது. சேலத்துச் சீமையிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

ஆட்கொல்லிச் சிறுத்தை, ஆட்கொல்லிப் புலி, மதம்கொண்ட ஒற்றை யானை எல்லாவற்றையும் அந்த ஒரே வகை ரைபிளுடன் எதிர்கொண்டவர் ஆண்டர்சன். அதன் குண்டு 19 கிராமுக்குச் சற்று அதிகம். கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயாராகிவிடும். யானைக்கு இது போதுமான ரைபிள் என்று எந்த நிபுணரும் சொல்ல மாட்டார். ஆனால் இருட்டில், மரத்தின் மேல், மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குத் தம் ரைபிளின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. பழகிய கை தானே போய்ச் சேரும். ஒரே ரைபிளின் பெரிய நன்மை இதுதான்.

சிறிய குண்டும் பெரிய கல்வியும்

ஒரே துப்பாக்கிக் கட்சிக்காரர்கள் தவறாமல் சொல்லும் பெயர் 'கரமோஜோ' பெல். ஸ்காட்லாந்தில் 1880ஆம் ஆண்டில் பிறந்து 1954ஆம் ஆண்டில் மறைந்தவர். உகாண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜா பகுதியில் வேட்டையாடியதால் அப்பெயர் வந்தது. தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் சுட்டது, மற்றவர்கள் மான் சுடுவதற்கு வைத்திருந்த 275 ரைபிளால்!

"பார்த்தீர்களா? சிறிய ரைபிளே போதும்" என்று இதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அவர்கள் பாதிக் கதையைத்தான் படித்தவர்கள். பெல் ஒரு யானையின் மண்டையோட்டை வாளால் இரண்டாக அறுத்து, மூளை எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாடம் படித்தார். தேன்கூடு போன்ற எலும்பு அறைகளுக்கு நடுவில், அவ்வளவு பெரிய தலைக்குள் சிறிதாக ஒளிந்திருப்பது அது. முன்னிருந்து பார்த்தால் எங்கே, பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கே, பின்புறமிருந்து சாய்வாகப் பார்த்தால் எங்கே என்று அவருக்கு மனப்பாடம். தட்டையாகிவிடாமல் நேரே துளைத்துச் செல்லும் முழுக் கவசக் குண்டுகளையே யானைக்குப் பயன்படுத்தினார். குண்டில்லாத ரைபிளை எடுத்துக் குறிபார்க்கும் பயிற்சியையும் அவர் விடவில்லை.

அவர் முதலிலேயே சிறிய ரைபிளைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் செய்தவரும் அல்லர். பெரிய இரட்டைக்குழல் ரைபிளையும் வைத்துச் சுட்டுப் பார்த்தார். சரியான இடத்தில் பட்டால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று கண்ட பிறகே சிறியதைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய கல்வி இல்லாமல் அவருடைய ரைபிளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனின் கதி என்ன? பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், யானை போன்ற பெருவிலங்குகளுக்கு 375 அளவுக்குக் குறைந்த ரைபிள் கூடாதென்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் நூற்றில் ஒருவரான பெல்லுக்காக எழுதப்படுவதில்லை. மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்காக எழுதப்படுகிறது.

கார்பெட் கற்ற இரண்டு பாடங்கள்

ஆட்கொல்லிகளை வேட்டையாடிப் பெயர்பெற்ற ஜிம் கார்பெட்டின் (1875-1955) அனுபவம் இரு கட்சிக்கும் பாடம் சொல்கிறது.

1907ஆம் ஆண்டு. இமயமலை அடிவாரத்தில் குமாவுன் பகுதியிலுள்ள சம்பாவத் என்னும் ஊர். அங்கே ஒரு பெண்புலி, நேப்பாளத்திலும் இந்தியாவிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது. கார்பெட் பெரிய 500 இரட்டைக்குழல் ரைபிளுடன் அதைத் தேடிப் போனார். கையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். இரண்டுக்கு மேல் தேவைப்படாது, மூன்றாவது அவசரத்துக்கு என்று எண்ணியிருந்தார். மூன்றும் தீர்ந்தன. புலி காயம்பட்டும் விழவில்லை. உடனே ஓடிப்போய், உடன் வந்திருந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். அதுவோ குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்த பழைய துப்பாக்கி. ஏறத்தாழ இருபது அடி தூரத்தில் நின்று புலியின் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு பட்டதோ அதன் காலில்! நல்லவேளையாக, முன்பு பட்ட காயங்களாலேயே புலி இறந்து கிடந்தது.

உலகமறிந்த குறிகாரர். இருபது அடி. அசையாத இலக்கு. அப்படியும் குறி தவறியது ஏன்? கையிலிருந்தது அவர் பழகிய துப்பாக்கி அல்ல.

இந்தச் செயலுக்குப் பாராட்டாக, அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த சர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு 275 ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். அந்தச் சிறிய ரைபிள் 1930ஆம் ஆண்டில் கார்பெட்டின் உயிரையே காப்பாற்றியது. சௌகர் என்னும் இடத்தில், தன் குட்டியோடு சேர்ந்து 64 பேரைக் கொன்றிருந்த ஒரு பெண்புலியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு பறவைக் கூட்டில் கண்ட அபூர்வமான இரண்டு முட்டைகளை இடக்கையில் எடுத்துவைத்திருந்தார். ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும், எட்டடி தூரத்தில் அந்தப் புலி அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது!

ரைபிள் வலக்கையில் மட்டும் இருந்தது. அதன் முனையோ வேறு பக்கம் நோக்கியிருந்தது. சட்டென்று திருப்பினால் புலி பாய்ந்துவிடும். ஒரே கையால், கடிகார முள் நகர்வதுபோல் மெல்ல மெல்ல ரைபிளைத் திருப்பி, கையை நீட்டியபடியே சுட்டார். புலியின் தலை அதன் பாதங்களின் மேல் சாய்ந்தது. அந்த ரைபிள் அவ்வளவு இலேசாக இல்லாதிருந்தால் ஒரு கையால் தூக்கிச் சுட்டிருக்கவே முடியாது என்று கார்பெட்டே பின்னர் எழுதினார்.

ஆனால் கார்பெட் அதன் பின் அந்த ஒன்றே போதும் என்று இருந்துவிடவில்லை. ஜெஃப்ரி கம்பெனியின் 450/400 கனத்த இரட்டைக்குழல் ரைபிள் ஒன்றையும் வைத்திருந்தார். நெடுந்தூரம் நடக்கவும் எட்டவிருந்து சுடவும் இலேசானது. நெருக்கடியான இடத்துக்குக் கனமானது. ஆக இரண்டே இரண்டு. இரண்டும் நன்றாகப் பழகியவை.

இடைவழி ஒன்று

இந்த வழக்கைத் தீர்க்கவென்றே செய்யப்பட்டதோ என்று எண்ணத்தக்க ஒரு ரைபிளும் உண்டு. அது 1912ஆம் ஆண்டில் லண்டன் ஹாலண்டு கம்பெனி வெளியிட்ட 375 மேக்னம். ஒரே ரைபிளில் 15 கிராம், பதினேழரைக் கிராம், பத்தொன்பதரைக் கிராம் என்று மூன்று எடையில் குண்டு போடலாம். மானுக்கு இலேசானது, பெருவிலங்குக்குக் கனமானது. எதைப் போட்டாலும் வேட்டை தூரத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் படும் என்பது அதன் தனிப்புகழ். பழகியது ஒரே ரைபிள். மாறுவது தோட்டா மட்டும். நூறாண்டு கடந்தும் அது வழக்கொழியவில்லை. என்றாலும் சிறு மானுக்கு அது தேவைக்கு மேல். பாய்ந்து வரும் யானைக்கு அது தேவைக்குச் சற்றே கீழ் என்போரும் உண்டு. பொதுக்கருவி எதற்கும் இந்த விதி உண்டல்லவா?

தவறிய குண்டுக்கு யார் விலை கொடுப்பது?

இனி, பலரும் பேசாமல் விட்டுவிடும் ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சம்பாவத் புலியை வீழ்த்திய பின் கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதியளவிலும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் போயிருந்தது. எப்போதோ எவனோ சுட்ட குண்டு செய்த வேலை அது! இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரைத் தேடி வந்தது என்று அவர் முடிவு செய்தார்.

எண்ணிப் பாருங்கள். பெயர் தெரியாத ஒருவன் ஒரு குண்டைத் தவறாகச் சுட்டான். அவன் கையிலிருந்தது தகுதியற்ற துப்பாக்கியாக இருக்கலாம். தகுதியான துப்பாக்கியே இருந்தும் பழக்கமில்லாதவனாக இருக்கலாம். அவன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று உறங்கியிருப்பான். விலை கொடுத்தவர்களோ விறகு பொறுக்கப் போன பெண்கள், புல் அறுக்கப் போன சிறுமிகள். துப்பாக்கியையே தொட்டறியாத 436 பேர்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒன்றா பலவா என்று எண்ணுவதற்கு முன்னால் வேட்டைக்காரன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. என் கையிலுள்ள துப்பாக்கி இந்த விலங்குக்குப் போதுமா? இந்தத் தூரத்தில் நான் குறி தவறாமல் சுடுவேனா? அடித்தது சாகாவிட்டால் அதைத் தேடிச் சென்று முடிக்க என்னால் முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும். ஒரே ரைபிள் வைத்திருப்பவனுக்கு இந்தக் கட்டுப்பாடு இரட்டிப்பாகத் தேவை. தன் ரைபிளுக்கு மிஞ்சியதை விட்டுவிடத் தெரிந்தவனுக்கு ஒன்று போதும். விடத் தெரியாதவனுக்கு ஒன்பதும் போதாது.

என் தீர்ப்பைக் கேட்டால், ஒரே வகைக் காட்டில் ஒரே வகை விலங்கைத் தேடுகிறவனுக்கு ஒன்றே சிறந்தது என்பேன். மானும் யானையும் ஒரே காட்டில் எதிர்ப்படும் இடத்தில், கார்பெட்டைப் போல் இலேசானது ஒன்றும் கனமானது ஒன்றுமாக இரண்டு. அதற்கு மேல் உள்ளவை சுவருக்கு அழகு.

நம் நாட்டில்

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது விளையாட்டுக் காரியம் அல்ல என்பதை அறிவீர்கள். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டமும் இங்கே உண்டு. தீபகற்பத்தில் விலங்குகளைக் காப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022ஆம் ஆண்டில் அதன் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. புலி, யானை, செலாடாங் மூன்றும் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. தீபகற்பக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு தெரிவித்தது. ஆகவே புலிக்கு எந்த ரைபிள் என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

ஆனால் பயிரைத் தோண்டும் காட்டுப்பன்றியின் பின்னால் சன்னத் துப்பாக்கியோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். சன்னத் துப்பாக்கியும் ஒருவகைப் பொதுக்கருவியே. பொடிச் சன்னம் பறவைக்கு. பெருஞ்சன்னமோ ஒற்றைக் குண்டோ பன்றிக்கு. மாற்றிப் போட்டுச் சுட்டால் பன்றி காயத்தோடு புதருக்குள் புகுந்துவிடும். பெருஞ்சன்னமே ஆனாலும் முப்பது நாற்பது மீட்டருக்கு அப்பால் பரவி வலுவிழந்துவிடும். அந்த எல்லைக்கு மேல் சுடுவது வேட்டை அல்ல. அடுத்த வீட்டுக்காரரின் தலையில் ஆபத்தை எழுதிவைப்பது.

உங்கள் தோட்டத்தில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர் யாரேனும் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். எந்தத் தோட்டா, எவ்வளவு தூரம், அடிபட்டது எங்கே போயிற்று என்று அவரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தால், காலையில் வேலைக்குப் புறப்படுமுன் விசாரித்துவிட்டுப் போங்கள். இரத்தத் துளிகளைக் கண்டால் அவற்றைத் தொடர்ந்து புதருக்குள் போகாதீர்கள், பிள்ளைகளையும் போகவிடாதீர்கள். மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ உடனே சொல்லி, சுட்டவரையே வரவழையுங்கள். காயம்பட்ட விலங்கைத் தேடிச் சென்று முடிப்பது சுட்டவரின் கடமை. மரம் சீவப் போகிறவரின் கடமை அல்ல.